வணிகக் கட்டடத்துக்கு மண் பரிசோதனை: கேள்வி பதில்

வேளச்சேரி: சார், 4 கிரவுண்டு மனையில ஸ்டில்ட் பார்க்கிங், மேலே 4 மாடி கடை, ஆபீஸ் கட்டப் போறோம். மண் டெஸ்டுக்கு நடுவுல ஒரு போர் (துளை) போட்டா போதும்னு கான்ட்ராக்டர் சொல்றார். சரியா?

பதில்: சரியில்லை. சிறிய, முக்கியத்துவம் குறைந்த கட்டடத்துக்கு நடுவில் ஒரு துளை போதும் என்று ஐ.எஸ். 1892 (மண் ஆய்வுக்கான இந்தியத் தர விதி) சொல்வது உண்மைதான். 4 மாடி வணிகக் கட்டடம் அந்தக் கணக்கில் வராது. சுமார் ஒரு ஏக்கர் மனை என்றால் மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என 5 துளை கேட்கிறது அதே விதி. உங்கள் மனைக்கு 3 போடுங்கள்: எதிரெதிர் மூலைகளில் இரண்டு, லிஃப்ட் குழியும் அதிகப் பாரம் வரும் பில்லரும் இருக்கும் இடத்தில் ஒன்று.

உங்கள் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியது. ஒரு பக்கம் 1 மீட்டர் கொட்டிய மண்ணும் மறுபக்கம் 3 மீட்டரும் இருந்தால் ஒற்றைத் துளை அதைக் காட்டாது. கட்டடம் முழுக்கச் சீராகக் கொஞ்சம் இறங்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஒரு பில்லர் மட்டும் கூடுதலாக இறங்கினால் பீமும் சுவரும் வெடிக்கும். கான்கிரீட் சட்டகக் கட்டடத்தில் தனி ஃபுட்டிங்குகளுக்கு (பில்லருக்குப் பில்லர் தனியாக வரும் அடித்தளம்) ஐ.எஸ். 1904 அனுமதிக்கும் இறக்க வேறுபாடு, இடைவெளியில் 0.0015 மடங்கு. 6 மீட்டருக்கு வெறும் 9 மில்லிமீட்டர்!

மதுரை: எவ்வளவு ஆழம் போகணும்?

பதில்: தனி ஃபுட்டிங் என்றால் அதன் அடிமட்டத்துக்குக் கீழே அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. 2 மீட்டர் ஃபுட்டிங்குக்கு 3 மீட்டர். ஃபுட்டிங்குகள் நெருங்கி வந்தாலோ ராஃப்ட் (கட்டடம் முழுக்க ஒரே தளமாக வரும் அடித்தளம்) போட்டாலோ மொத்தக் கட்டட அகலம்தான் கணக்கு. 12 மீட்டர் அகலத்துக்கு 18 மீட்டர். நடுவில் பாறை தட்டினால் உடனே நிறுத்தாதீர்கள். உருண்டைக் கல்லாகவும் இருக்கலாம். 3 மீட்டராவது கோர் (குடைந்தெடுக்கும் உருளை வடிவக் கல் மாதிரி) எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

திருச்சி: அண்ணா, சைட் இன்ஜினியரா சேர்ந்திருக்கேன். எஸ்.பி.டி. (சுத்தியலால் குழாயை மண்ணில் அடித்து இறக்கும் சோதனை) நடக்கும்போது எதைக் கவனிக்கணும்?

பதில்: ரிப்போர்ட் முழுக்க சுத்தியல் அடிகளின் எண்ணிக்கை மேல்தான் நிற்கிறது தம்பி, கூடவே நில்லுங்க. சுத்தியல் 63.5 கிலோ, விழும் உயரம் 75 சென்டிமீட்டர். குழாயை 45 சென்டிமீட்டர் இறக்க எத்தனை அடி என்பதை 15, 15, 15 எனப் பிரித்து எழுதச் சொல்லுங்க. முதல் 15-ஐ விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கூட்டினால் அதுதான் 'N' மதிப்பு. மொத்தத்தை மட்டும் எழுதினால் ஏற்காதீங்க.

சுத்தியலைத் தூக்கும் கயிற்றை உருளையில் கூடுதலாகச் சுற்றினாலோ முழு உயரம் தூக்காவிட்டாலோ அடியின் வேகம் குறையும். அடி எண்ணிக்கை ஏறி, இளகிய மண்ணும் கெட்டி மண்ணாகக் கணக்கில் வரும். இது ஆபத்தான பக்கத்துத் தவறு. கூழாங்கல் குழாய் வாயில் சிக்கினாலும் இதே கதைதான். மணலில் நேர்மாறு: துளைக்குள் இருக்கும் நீர் நிலத்தடி நீர்மட்டத்தைவிடக் கீழே போனால் அடியிலிருந்து மணல் பொங்கி இளகும், மதிப்பு குறைந்து காட்டும். துளையில் எப்போதும் நீர் நிறைந்திருக்கணும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் துளையின் அடியைச் சுத்தம் செய்யணும். மென்களிமண் வந்தால் 'N' மதிப்பை மட்டும் நம்பக்கூடாது. மெல்லிய குழாயில் குலையாத மண் மாதிரியை எடுத்து, இரு முனையையும் மெழுகால் அடைத்து, வெயில் படாமல் லேபுக்கு அனுப்புங்க.

கோவில்பட்டி: ஐயா, எங்களுது கரிசல் மண். எவ்வளவு உப்பும்னு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?

பதில்: முடியும். உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு 100 மில்லி ஜாடிகளில் போடுவார்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்து நீரில் 22 மில்லி, மண்ணெண்ணெயில் 10 மில்லி நின்றால் உப்பல் 120 சதவீதம். 100-ஐத் தாண்டினால் அதிகமாக உப்பும் வகை.

கரிசல் ஆழம் குறைவு என்றால் தோண்டி எடுத்துவிட்டுக் கீழே உள்ள சுக்கான் பாறையில் ஃபுட்டிங் வைப்பதே நல்லது. ஆழம் என்றால் அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்). தண்டின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு குமிழ், ஆழம் குறைந்தது 3.5 மீட்டர். பைல்களை இணைக்கும் பீமுக்கு அடியில் 80 மில்லிமீட்டர் வெற்றிடம் விடச் சொல்லுங்கள். அதை மண் போட்டு நிரப்பிவிட்டால் மழைக்கு மண் உப்பி, பீமையே மேலே தள்ளும்.

தி.நகர்: பேஸ்மென்ட் பார்க்கிங் போடலாமா? மே மாசம் போட்ட போர்ல 5 மீட்டர்லதான் தண்ணி இருந்துச்சு.

பதில்: மே மாத மட்டத்தை வைத்து வடிவமைக்க வேண்டாம். மாம்பலம் ஏரியை 1920களில் தூர்த்து எழுந்த பகுதி உங்களுடையது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு மட்டம் எங்கே நிற்கிறது என்று துளையிட்ட குழாய் இறக்கி அளந்து பாருங்கள். பேஸ்மென்ட் அடிமட்டம் 3 மீட்டர் ஆழத்தில் இருக்க, நீர் தரைக்குக் கீழே அரை மீட்டர் ஆழம்வரை ஏறினால், சதுர மீட்டருக்கு 2.5 டன் மேல்நோக்கித் தள்ளும். மேல்தளங்களின் எடை வரும்வரை நிலத்தடி நீரை வெளியேற்றும் பம்ப்பை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ராஃப்ட் மிதக்கும் அல்லது வெடிக்கும்.

தூத்துக்குடி: பக்கத்து மனை ரிப்போர்ட்ல தாங்குதிறன் 15 டன்னுனு இருக்கு. அதையே வச்சுக்கலாமா?

பதில்: கூடாது. எந்த அகலம், எந்த ஆழம், எவ்வளவு இறக்கத்துக்கு அந்த 15 டன் என்று பாருங்கள். அது அவர்கள் ஃபுட்டிங்குக்கான எண். கடலோரம் என்பதால் மண்ணிலும் நீரிலும் சல்பேட், குளோரைடு இரண்டையும் சேர்த்தே சோதிக்கக் கேளுங்கள். மண்ணில் சல்பேட் 0.2 சதவீதத்தைத் தாண்டினால் சிமென்ட் வகையை மாற்ற வேண்டியிருக்கலாம்.

ஈரோடு: சோதனை முடிஞ்ச துளையை அப்படியே விடலாமா?

பதில்: பேஸ்மென்ட் வரும் இடமென்றால் சிமென்ட், பென்டோனைட் (நீரில் ஊறினால் உப்பும் களிமண்) கலவையால் அடியிலிருந்து அடைத்துவிடுங்கள். திறந்து கிடந்தால் பள்ளம் தோண்டும்போது அந்த வழியாகவே ஊற்று கிளம்பும்.