இங்கிலாந்தின் அஸ்கார் பந்தயத் தொடர் ஏன் சீக்கிரமே நின்றுபோனது?

ஸ்டாக் கார் என்றால், வெளியே சாதாரண கார் போலத் தெரிந்தாலும் உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டமும் வி8 இன்ஜினும் வைத்துப் பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டி. நீள்வட்டத் தடத்தில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடும். அமெரிக்காவில் பிரபலமான இந்தப் பாணியை இங்கிலாந்தில் நடத்திப் பார்த்த தொடர்தான் அஸ்கார்.

2001இல் கார்பி நகரருகே புதிதாகத் திறந்த ராக்கிங்ஹாம் தடத்தில் அது தொடங்கியது. ஒரு சுற்று சுமார் 2.4 கிலோமீட்டர். சிக்கலும் அந்தத் தடம்தான். நாட்டில் அப்போது அந்த மாதிரி வேகமான பெரிய நீள்வட்டம் வேறு இருக்கவில்லை. ஜெர்மனியின் லாவ்சிட்ஸ் வரை போய் ஓட்டினார்கள். ஆனாலும் ஒரே பஸ்ஸின் பயணிகளை நம்பி டீக்கடை போட்ட கதைதான். ரசிகர்களுக்கும் ஊர்த் தடங்களில் பழகிய பந்தயங்கள் ஏற்கெனவே இருந்தன. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் தொடர் நின்றுவிட்டது.

அதற்காக ஆள் சோடையில்லை. 2003 சாம்பியன் பென் காலின்ஸ்தான் பிபிசியின் ‘டாப் கியர்’ கார் நிகழ்ச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கார் ஓட்டிய ‘ஸ்டிக்’ என்பது பிற்பாடு வெளியே தெரிந்தது.

பெயரைப் பார்த்து இதை அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் கிளை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இது தனித் தொடர்.