தலைப்பிரசவத்துக்கு பிரேசில் போகிறோம், டிக்கெட்டை இஎம்ஐ-யில் வாங்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். வயது 64, சர்க்கரை உண்டு. மனைவிக்கு 60. நாகர்கோவிலில் இருக்கிறோம். மகளும் மருமகனும் பிரேசிலில் காம்பினாஸ் நகரில் வேலை பார்க்கிறார்கள். மே மூன்றாவது வாரம் மகளுக்குத் தலைப்பிரசவம். மே முதல் வாரம் போய், ஆகஸ்ட் கடைசியில் திரும்பலாம் என்று நினைக்கிறோம். டிராவல் ஏஜென்ட் சென்னையிலிருந்து இருவருக்கும் போக வர 3,36,000 ரூபாய் சொல்கிறார். கிரெடிட் கார்டில் 12 மாத 'நோ காஸ்ட் இஎம்ஐ' உண்டாம், இந்த வாரமே எடுத்தால்தான் இந்த விலை என்கிறார். இணையத்தில் தேடினால் ஆளுக்கு 1,24,000-க்குக்கூட காட்டுகிறது. அதில் ஐரோப்பாவில் இறங்கி வேறு டிக்கெட்டில் மாற வேண்டுமாம். எனக்கு மாத பென்ஷன் 38,000. சேமிப்புக் கணக்கில் 1,40,000 இருக்கிறது. 4 லட்சத்துக்கு மூன்று வருட எஃப்டி 7 சதவீத வட்டியில் ஆகஸ்ட் கடைசியில் முதிர்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம். மகள் தானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறாள், எனக்கு மனசு வரவில்லை. இஎம்ஐ போடவா, எஃப்டியை உடைக்கவா, மனைவியின் நகையை வைக்கவா?

பதில்: முதலில் வாழ்த்துகள் ஐயா. தாத்தா ஆகப் போகிறீர்கள். எந்தப் பணத்தில் டிக்கெட் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு தேதி. மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை கணக்குப் போட்டால் நான்கு மாதத்துக்குப் பக்கம் வருகிறது. பிரேசிலின் வருகையாளர் விசாவில் ஒரு தடவைக்கு 90 நாள்தான் தங்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால், அந்த 90 நாள் முடிவதற்குள் அங்குள்ள மத்திய போலீஸ் அலுவலகத்தில் நீட்டிப்பு கேட்க வேண்டும். கேட்கலாம், கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. மீறித் தங்கினால் நாள் கணக்கில் அபராதம். ஏஜென்ட் சொன்னபடி இந்த வாரமே ஆகஸ்ட் கடைசிக்குத் திரும்பும் டிக்கெட்டை வாங்கியிருந்தால், விசா கையில் வருவதற்கு முன்பே தேதி மாற்றும் செலவுக்கு வழி செய்தது போல ஆகியிருக்கும்.

அதனால் முதலில் விசா, அடுத்து தடுப்பூசி, அப்புறம்தான் டிக்கெட். விசா விண்ணப்பத்தோடு பயணத் திட்டம் கேட்பார்கள். முன்பதிவு நகல் போதுமா, பணம் கட்டி வாங்கிய டிக்கெட்தான் வேண்டுமா என்று விண்ணப்பிக்கும் இடத்திலேயே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். நகல் போதும் என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். பாஸ்போர்ட்டில் எவ்வளவு காலம் பாக்கி இருக்கிறது என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

மே 5-ஆம் தேதி போய் இறங்கினால் 90-வது நாள் ஆகஸ்ட் 2. நான் என்றால் ஜூலை 28 வாக்கில் திரும்புவதுபோல டிக்கெட் எடுப்பேன். குழந்தை மே மூன்றாவது வாரம் பிறந்தால் பத்து வாரம் கூடவே இருப்பீர்கள். அதன்பின் சம்பந்தி வீட்டார் போகட்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் மாற்றி மாற்றிப் போகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காலமும் நீளும், யாரும் விசா கெடுவை மீற வேண்டியதும் இல்லை.

இப்போது அந்த 1,24,000 டிக்கெட். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். இரண்டு தனி டிக்கெட் என்றால், ஐரோப்பாவில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். வெளியே வரவேண்டும் என்றால் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா வேண்டும். வெளியே வராமல் உள்ளேயே மாறுவதற்குக்கூட இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா கேட்கும் நாடுகள் ஐரோப்பாவில் உண்டு. அமெரிக்கா வழி என்றால் விமானம் மாறுவதற்கும் விசா கட்டாயம். இது எல்லாம் சரியாக அமைந்தாலும், முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் இரண்டாவது விமான நிறுவனம் உங்களுக்குப் பொறுப்பில்லை. அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டும். 64 வயதில், கையில் இன்சுலினோ மாத்திரையோ வைத்துக்கொண்டு, மொழி தெரியாத ஊரில் அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது. ஆளுக்கு 44,000 மிச்சம் என்று தெரிவது, ஒரு இணைப்பு விமானம் தப்பினால் அதைப்போல இரண்டு மூன்று மடங்காகப் போய்விடும்.

நீங்கள் வாங்க வேண்டியது ஒரே பிஎன்ஆர் எண்ணில், அதாவது முழுப் பயணத்துக்கும் ஒரே முன்பதிவு எண்ணில், ஊரிலிருந்து சாவோ பாவுலோ வரை உள்ள டிக்கெட். இந்தியாவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். எமிரேட்ஸ் துபாயிலிருந்தும், கத்தார் ஏர்வேஸ் தோஹாவிலிருந்தும் சாவோ பாவுலோவின் குவாருல்யோஸ் விமான நிலையத்துக்குப் பறக்கின்றன. அங்கிருந்து காம்பினாஸ் சாலை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர், மருமகன் வந்து கூட்டிப் போய்விடலாம். இந்த இரண்டு நிறுவனங்களும் திருவனந்தபுரத்துக்கும் வருகின்றன. நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஏன் ஐயா சென்னை வரை போக வேண்டும்? இரவு ரயில், சென்னையில் ஒரு நாள் அறை, பெட்டிகளோடு ஆட்டோ. இதையெல்லாம் கூட்டினால் திருவனந்தபுரத்தில் டிக்கெட் ஐயாயிரம் கூடுதலாக இருந்தாலும் அதுவே லாபம். ஏஜென்ட் சொன்ன விலையை வாங்கி வைத்துக்கொண்டு, அதே தேதிக்கு திருவனந்தபுரத்திலிருந்து விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் என்ன விலை என்று மகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

விலை பார்க்கும்போது கடைசித் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே விமானத்தில், ஒரே எகானமி வகுப்பில், மூன்று நான்கு விலைகள் இருக்கும். மிகக் குறைந்த விலையில் தேதி மாற்றினால் பெரிய கட்டணம், ரத்து செய்தால் வரிகளைத் தவிர ஒன்றும் வராது என்பதுபோல நிபந்தனை இருக்கும். உங்கள் விஷயத்தில் நான் ஒரு படி மேலே உள்ள, தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டைத்தான் சொல்வேன். வழக்கமாக வாசகர்களுக்கு மலிவான டிக்கெட்டைத்தான் சொல்கிறேன். ஆனால் பிரசவம் நாம் குறித்த நாளில் நடப்பதில்லை. மருத்துவர் இரண்டு வாரம் முன்னதாகவே எடுத்துவிடலாம் என்று சொன்னால் நீங்கள் ஏப்ரலிலேயே கிளம்ப வேண்டும். அந்த வசதிக்கு ஆளுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு இல்லை. பெட்டி விஷயத்தையும் கவனியுங்கள். அமெரிக்கக் கண்டங்களுக்குப் போகும் டிக்கெட்டுகளில் பெரும்பாலும் மொத்த எடை இல்லை, 23 கிலோ பெட்டி எத்தனை என்று பெட்டிக் கணக்கு. ஒரே பெட்டியில் 30 கிலோ அடைத்தால் கூடுதல் கட்டணம் விழும்.

சரி, பணம். இஎம்ஐ வேண்டாம். 3,36,000-ஐ 12 ஆல் வகுத்தால் மாதம் 28,000. உங்கள் பென்ஷன் 38,000. ஒரு வருடம் முழுக்க மாதம் பத்தாயிரத்தில் இரண்டு பேர் சாப்பிட்டு, மருந்து வாங்கி, கரண்ட் பில் கட்ட வேண்டும். இந்த ஒரு கணக்கே போதும். ஆனாலும் 'நோ காஸ்ட்' என்ற சொல்லை விளக்கிவிடுகிறேன், நிறைய பேர் இதில் ஏமாறுகிறார்கள். வங்கி வட்டி போடாமல் இல்லை. அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் தள்ளிக்கொடுக்கிறார். வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொகைக்கு ஒரு வருடத்தில் வட்டி 26,000 முதல் 28,000 வரை வரும், அதற்கு ஜிஎஸ்டி ஐயாயிரத்துக்குப் பக்கம். பல வங்கிகள் பரிசீலனைக் கட்டணமும் எடுக்கும். டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பி வரும்வரை தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

எஃப்டியை உடைக்கவும் வேண்டாம். இடையில் உடைத்தால் வங்கிகள் வழக்கமாக அரை முதல் ஒரு சதவீதம் வட்டியைக் குறைக்கும். இரண்டரை வருடம் ஓடிய 4 லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றாலே ஏறத்தாழ 10,000 போகிறது. அதற்குப் பதில் அதே எஃப்டியின் பேரில் கடன் வாங்குங்கள். எஃப்டி வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதலாகத்தான் கேட்பார்கள். 1,70,000-ஐ 8 சதவீதத்தில் பிப்ரவரி கடைசியில் எடுத்தால், ஆகஸ்ட் கடைசி வரை ஆறு மாதத்துக்கு வட்டி 6,800. எஃப்டி தன் போக்கில் 7 சதவீதம் சம்பாதித்துக்கொண்டிருக்கும். முதிரும் நாளில் கடனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். நீங்கள் ஜூலை கடைசியில் ஊர் திரும்பியிருப்பீர்கள் என்பதால் நேரில் போய் முடித்துவிடலாம். மூத்த குடிமக்கள் திட்டத்தின் பக்கம் போகவே வேண்டாம். போட்டு ஒரு வருடம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் மூடினால் அசலில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பின் மூடினால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள்.

1,70,000 என்றேன், 3,36,000 இல்லை. மற்ற டிக்கெட்டை மகள் எடுக்கட்டும். உங்கள் மனசு வராதது எனக்குப் புரிகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்று வளர்ந்த தலைமுறை நீங்கள். ஆனால் ஐயா, இது தாய்வீடே எழுந்து பாதி உலகம் தாண்டிப் போகும் பிரசவம். இரவெல்லாம் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அம்மா வருகிறாள் என்றால், அதற்கு ஒரு டிக்கெட் எடுப்பது அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம்தான். அம்மாவுக்கு அவள் எடுக்கட்டும், உங்களுக்கு நீங்கள் எடுங்கள். இந்திய வருமான வரிச் சட்டப்படி மகளிடமிருந்து வரும் அன்பளிப்புக்கு உங்களுக்கு வரி இல்லை.

அவர்கள் அங்கிருந்து வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிரேசிலில் எதை வாங்கினாலும் வட்டியில்லாத் தவணையில் வாங்குவது அன்றாடப் பழக்கம், விமான டிக்கெட்டும் அப்படித்தான். தவணை தவறாமல் கட்டும் வரை அதில் தப்பில்லை. ஆனால் கார்டு பாக்கியைத் தள்ளிப்போட்டால் விழும் வட்டி, உலகிலேயே மிக அதிகமாக வசூலிக்கப்படும் வட்டிகளில் ஒன்று. வெளிநாட்டு நாணயத்தில் கார்டு தேய்த்தால் ஐஓஎஃப் என்ற வரியும் மூன்று சதவீதத்துக்கு மேல் சேரும். அதனால் அவர்கள் நாணயமான ரெயாலில் விலை வரும் இடத்தில் வாங்கட்டும். கார்டுக்காரர் கூடப் பயணம் செய்யாவிட்டால் சில விமான நிறுவனங்கள் சரிபார்ப்பு கேட்கும், அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளட்டும். எடுக்கும் இரண்டு டிக்கெட்டும் ஒரே விமானம்தானா என்று இருமுறை பாருங்கள். நீங்கள் இங்கே கட்டும்போதும் திரையில் ரூபாய்தான் தெரிகிறதா என்று கவனியுங்கள். டாலராக இருந்தால் இந்தியக் கார்டுகள் பலவற்றில் மூன்றரை சதவீத நாணய மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம். 1,70,000-க்கு அது ஏழாயிரம் ரூபாய்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து திரும்பும்போது இதற்கான சான்றிதழ் இல்லாவிட்டால், இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். காம்பினாஸ் இருக்கும் சாவோ பாவுலோ மாநிலமே தடுப்பூசி பரிந்துரைக்கப்படும் பகுதி. பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். சென்னை கிண்டி கிங் நிலையம் போல அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதன்முறை போடும்போது கடுமையான பக்கவிளைவுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். எனவே டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே உங்கள் மருத்துவரிடம் இருவரும் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதைக் காரணத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு, திரும்பும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

சேமிப்புக் கணக்கிலிருந்து 50,000 வரை விசா, தடுப்பூசி, பயணக் காப்பீடு, கைச்செலவுக்கு எடுங்கள். மீதி 90,000 அப்படியே இருக்கட்டும். காப்பீட்டில் பிரீமியத்தைக் குறைக்க நினைக்காதீர்கள். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும். மருத்துவச் செலவுக்கு 50,000 டாலருக்குக் குறையாமல் எடுங்கள். அங்கே மகள் வீட்டில்தான் தங்கப் போகிறீர்கள், அதனால் கையில் சில நூறு டாலர் நோட்டு போதும். வெறும் விமான டிக்கெட்டை மட்டும் வாங்கும்போது வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் என்ற வருமான வரி வராது. ஏஜென்ட் ஹோட்டலையும் சேர்த்துக் கட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நகையை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாதம் போகிறீர்கள், கிளம்பும் முன் அதை வங்கி லாக்கரில் வையுங்கள். பிரசவ லேகியம், பத்தியச் சாமான் எல்லாம் அம்மா கட்டி வைத்திருப்பார்கள். பிரேசிலில் பால் பொருள், விதை, செடிவகைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. நெய்யும் வசம்பும் அங்கே சுங்கத்தில் தங்கிவிடலாம், எதைக் கொண்டுபோகலாம் என்று மருமகனைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். துபாயிலிருந்தோ தோஹாவிலிருந்தோ ஒரே பறப்பு 14, 15 மணி நேரம். டிக்கெட் எடுத்ததும் இருவருக்கும் வீல்சேர் உதவி கேட்டு வையுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக, கருவூலத்தில் உங்கள் வருடாந்திர பென்ஷன் நேர்காணல் எந்த மாதம் வருகிறது என்று பாருங்கள். மே, ஜூன், ஜூலையில் வந்தால், கிளம்பும் முன் கருவூலத்துக்குப் போய் எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் பென்ஷன் நிறுத்தி வைக்கப்படும், காம்பினாஸில் இருந்துகொண்டு அதைச் சரிசெய்வது சிரமம்.