தொங்கும் மனிதன் வந்தால் பயப்பட வேண்டுமா?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மூன்று மாதமாக டாரட், அதாவது படச் சீட்டு எடுத்துப் பொருள் பார்க்கும் முறை, கற்று வருகிறேன். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தையல் தொழில் தொடங்கலாமா என்று தினமும் மூன்று சீட்டு எடுத்துப் பார்க்கிறேன். இரண்டு வாரத்தில் மூன்று முறை ‘தொங்கும் மனிதன்’ வந்துவிட்டது. அது தூக்குச் சீட்டு, ஆகாது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நேற்று நாணய வகையில் எட்டாம் சீட்டு, தொங்கும் மனிதன், கோல் வகையின் முதல் சீட்டான ஏஸ் என்று வரிசையாக வந்தன. தொங்கும் மனிதனின் தலை மேலே இருந்தது. அதை நேர் என்று எடுப்பதா, தலைகீழ் என்று எடுப்பதா? பேசாமல் அந்தச் சீட்டைக் கட்டிலிருந்து எடுத்துவிடலாமா?”

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இது மரணச் சீட்டு அல்ல, தண்டனைச் சீட்டும் அல்ல. ‘நின்று பார்’ என்று சொல்லும் சீட்டு. எத்தனை நாள் நிற்பது, எதைப் பார்ப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

சீட்டு நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் வேறு பொருள். நேரா தலைகீழா என்ற குழப்பம் இந்த ஒரு சீட்டில் எல்லோருக்கும் வரும். ஆளைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909-இல் லண்டனில் வெளியான ரைடர் வெயிட் கட்டு, அல்லது அதைப் பின்பற்றி வரைந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். அதில் 12 என்ற ரோமன் எண் மேலேயும் சீட்டின் பெயர் கீழேயும் இருக்கும். பெயரை நேராகப் படிக்க முடிந்தால் சீட்டு நேர். அப்போது ஆள் தலை கீழே தொங்குவான். உங்களுக்கு அவன் தலை மேலே தெரிந்தது என்றால் வந்தது தலைகீழ்ச் சீட்டு. இதில் நீங்கள் மட்டும் தடுமாறவில்லை. 1781-இல் கூர் தெ ஜெபலின் என்ற பிரெஞ்சு அறிஞரே, அச்சடித்தவர்கள் படத்தைத் தவறாகக் கவிழ்த்துவிட்டார்கள், உண்மையில் இவன் ஒற்றைக் காலில் நிற்கும் ‘விவேகம்’ என்று எழுதினார்.

அவர் சொன்னது சரியில்லை. இவன் தொடக்கத்திலிருந்தே தொங்குகிறவன்தான். பழைய இத்தாலியில் இவனுக்குத் ‘துரோகி’ என்றும் பெயர் உண்டு. துரோகம் செய்தவனைத் தலைகீழாகத் தொங்குவதாகச் சுவரில் வரைந்து ஊரறிய அவமானப்படுத்துவது அங்கே வழக்கமாக இருந்தது. 1412-இல், அன்று போப்பாண்டவர் பதவிக்கு உரிமை கோரியவர்களில் ஒருவரான இருபத்து மூன்றாம் ஜான், தன்னை விட்டுப் போன படைத்தலைவர் முட்சியோ அட்டெண்டோலோ ஸ்ஃபோர்ட்சாவை இப்படி ரோம் நகர வாசல்களிலும் பாலங்களிலும் வரைய வைத்தார். அந்த முட்சியோவின் மகன் பிரான்செஸ்கோ 1450-இல் மிலானின் பிரபு ஆனார். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய டாரட் கட்டுகளில் ஒன்று அவர் குடும்பத்துக்காகக் கையால் வரையப்பட்டது. அதிலும் தொங்கும் மனிதன் இருக்கிறான். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஆகவே உங்களுக்குத் தெரிந்தவர் சொல்வது முழுப் பொய்யில்லை. பழைய பொருள் அவமானம்தான். ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் படம் அதைத் திருப்பிப் போட்டுவிட்ட படம்.

அந்தச் சீட்டைக் கையில் எடுத்துக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கட்டியிருப்பது ஒரே ஒரு கால், வலது கால். இடது காலை அவன் மடக்கி, கட்டிய காலுக்குப் பின்னால் குறுக்காக வைத்திருக்கிறான். வலியில் துடிப்பவன் காலை அப்படி வைக்க மாட்டான். கைகள் முதுகுக்குப் பின்னால் போயிருக்கின்றன. அவை கட்டப்பட்டிருக்கின்றனவா என்று படத்தில் தெரியாது. முகம் அமைதியாக இருக்கிறது, தலையைச் சுற்றி ஒளிவட்டம். அப்புறம் மரத்தைப் பாருங்கள். பிரான்சின் பழைய மார்செய் கட்டில் இரு பக்கமும் கிளை வெட்டிய மரங்கள்தான் நிற்கும். இங்கே இலை துளிர்த்த பச்சை மரம். இது உயிருள்ள மரம், முகத்தில் இருப்பது துன்பமல்ல, ஆழ்ந்த லயிப்பு என்று வெயிட்டே எழுதிவைத்திருக்கிறார். ஞானம், நிதானம், சோதனை, தியாகம், உள்ளுணர்வு என்பவை இதற்கு அவர் சொன்ன பொருள்கள்.

புதிதாகப் படிப்பவர்கள் இதை வாள் வகையின் எட்டாம் சீட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதை நிறையப் பார்க்கிறேன். அந்தச் சீட்டில் ஒரு பெண் கண்ணும் உடம்பும் கட்டப்பட்டு வாள்களுக்கு நடுவே நிற்கிறாள். அது சிக்கிக்கொண்ட நிலை. தொங்கும் மனிதனுக்குக் கண் கட்டப்படவில்லை. எல்லோரும் பார்க்கும் அதே உலகத்தை அவன் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறான். இந்த ஒரு வேறுபாடு மனதில் நின்றால் போதும், சீட்டு தானே பேசும்.

சரி, உங்கள் மூன்று சீட்டுக்கு வருவோம். நாணயங்களில் எட்டில் ஒருவன் பலகையில் உட்கார்ந்து சுத்தியலும் உளியுமாக நாணயத்தில் நட்சத்திரம் செதுக்குகிறான். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து கை தேர்ந்தவன். தையல் பழகிய உங்கள் கைக்கு இதைவிடப் பொருத்தமான சீட்டு கிடையாது. கோல்களின் ஏஸில் மேகத்திலிருந்து நீளும் ஒரு கை, துளிர்விட்ட கோலைப் பிடித்திருக்கிறது. தொடக்கம், ஊக்கம். நடுவில் இவன், அதுவும் தலைகீழாக. மரத்திலும் இலை, கோலிலும் இலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணில் படும்.

தலைகீழ் நிலைக்கு இன்று பலரும் சொல்லும் பொருள், பயன் முடிந்த பிறகும் நீளும் காத்திருப்பு, அல்லது யாருக்கும் உதவாத தியாகம். வெயிட் தரும் பொருள்களில் ‘கூட்டம்’ என்பதும் ஒன்று. நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. ஆளாளுக்கு ஒன்று சொல்ல, நீங்கள் நடுவில் தொங்குகிறீர்கள். ஆகவே நான் இதை இப்படிப் படிப்பேன்: கைத்தொழில் தயாராக இருக்கிறது, வழியும் இருக்கிறது, யோசிக்க எடுத்துக்கொண்ட காலம் இழுபறியாக மாறிவிட்டது. ‘நாளைக்கே வேலையை விடு’ என்று இதற்குப் பொருள் இல்லை. ஆம், இல்லை என்ற பதிலை இந்தச் சீட்டிடம் கேட்கவே கூடாது. கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, எத்தனை பேர் துணி தரத் தயார் என்பதற்கெல்லாம் நோட்டில் எழுதிக் கணக்குப் போடுங்கள். சீட்டு அந்தக் கணக்கைப் போட்டுத் தராது.

மூன்று முறை வந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டில் 78 சீட்டு. நீங்கள் தினமும் எடுப்பது மூன்று. குறிப்பிட்ட ஒரு சீட்டு வர ஒவ்வொரு நாளும் 26-இல் ஒரு வாய்ப்பு. இரண்டு வாரத்தில் இதே சீட்டு மூன்று முறை வருவது அரிது. ஆனால் ஏதோ ஒரு சீட்டு அப்படி மூன்று முறை வருவது சர்வ சாதாரணம். வந்தது வேறு சாதுவான சீட்டாக இருந்தால் நீங்கள் எண்ணியிருக்கவே மாட்டீர்கள். நன்றாகக் கலைக்காத கட்டு என்றால் இன்னும் அதிகம் நடக்கும். அதனால் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம்; ஒவ்வொரு முறையும் பக்கத்தில் எது வந்தது என்று குறித்து வையுங்கள். ஒரே கேள்வியைத் தினமும் கேட்பதையும் நிறுத்துங்கள். மூன்று வாரம் கழித்து வேறு மாதிரி கேளுங்கள்: ‘எதை இழக்கப் பயந்து நான் இன்னும் முடிவெடுக்கவில்லை?’ தொங்கும் மனிதனுக்கு ஏற்ற கேள்வி அது.

சீட்டை எடுத்துவிடலாமா என்றால், வேண்டாம். அதை எடுத்தால் 11-ஆம் எண் நீதியிலிருந்து நேராக 13-ஆம் எண் மரணத்துக்குத் தாவுவீர்கள். தீர்ப்புக்கும் முடிவுக்கும் நடுவில் யோசிக்க இருக்கும் ஒரே இடம் இவன்தான். இன்றிரவு நீதி, தொங்கும் மனிதன், மரணம் மூன்றையும் எண் வரிசையில் மேசைமேல் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள், பொருள் புத்தகத்தைத் திறக்காமல். மூன்று முகங்களில் எதில் பயம் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.