எடை குறைப்பு ஊசிகள்: ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்?

டாக்டர், ஓசெம்பிக், வீகோவி, மவுன்ஜாரோ என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே ஊசிதானா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

முதல் இரண்டும் ஒரே மருந்து, செமாக்ளூடைட். ஓசெம்பிக் சர்க்கரை நோய்க்கு. வீகோவி உடல் பருமனுக்கு; அதில் அளவு படிப்படியாக 2.4 மி.கி. வரை ஏறும். மவுன்ஜாரோவில் இருப்பது டிர்செபடைட் என்ற வேறு மருந்து. மூன்றுமே வாரம் ஒரு ஊசி. இவற்றுக்கு முன்பே வந்தது லிராக்ளூடைட்; அதைத் தினமும் போட வேண்டும், எடையும் இவ்வளவு குறையாது. இவை எதுவும் இன்சுலின் அல்ல.

சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும். ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்று மூளைக்குச் சொல்வதும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதும் அதன் வேலை. செமாக்ளூடைட் அதைப் போலச் செயல்படுகிறது. டிர்செபடைட், ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு 72 வாரங்களில் டிர்செபடைடால் சராசரியாக 20.2 சதவீதமும், செமாக்ளூடைடால் 13.7 சதவீதமும் எடை குறைந்தது. சர்க்கரை நோய் இருந்தால் பொதுவாக இதைவிடக் குறைவாகத்தான் இறங்கும்.

அதற்காக எல்லாருக்கும் மவுன்ஜாரோ என்று எழுதிவிட மாட்டேன். சர்க்கரை நோய் இல்லாமல், ஏற்கெனவே மாரடைப்பு வந்த பருமனானவர் என்றால் செமாக்ளூடைடைத்தான் முதலில் யோசிப்பேன். அப்படிப்பட்ட இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகிய ஆபத்துகளை அது 20 சதவீதம் குறைத்ததாக 2023 ஆய்வு காட்டியது.

என் அக்கா 10 மி.கி. மவுன்ஜாரோ போட்டு நன்றாக இளைத்துவிட்டார். அவருடைய ஊசிப் பேனாவிலேயே நானும் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, லாஸ்பேட்டை

தயவுசெய்து வேண்டாம். ஊசி முனையை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் பயன்படுத்தினால் ரத்தம் வழியாகத் தொற்று வரலாம். அப்புறம், டிர்செபடைடை 2.5 மி.கி.யில்தான் தொடங்க வேண்டும். 4 வாரம் கழித்து 5; அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 4 வாரம். எடுத்த எடுப்பில் 10 போட்டால் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் உடம்பின் நீர்ச்சத்து வற்றி, சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.

குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா என்று கேட்காமல் இந்த ஊசியை எந்த டாக்டரும் எழுதக் கூடாது. கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ஊசி போடும் காலத்தில் மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால், ராத்திரி என்றாலும் ஜிப்மரோ பக்கத்து அரசு மருத்துவமனையோ, அவசரப் பிரிவுக்கு உடனே போய்விடுங்கள்.

சுகருக்கு கிளிமெபிரைடு சாப்பிடுகிறேன். ஊசி சேர்த்ததிலிருந்து பதினோரு மணிக்குக் கை நடுங்குது, வேர்த்துக்கொட்டுது.
- வாசகர், வில்லியனூர்

பசி குறைந்து சாப்பாடும் குறைந்திருக்கிறது. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறி இது. அந்த நேரத்தில் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி மாத்திரையின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷம். இப்போதைக்குக் கருத்தடை மாத்திரை; அடுத்த வருஷம் குழந்தை வேண்டும். ஊசி போடலாமா?
- வாசகி, அரியாங்குப்பம்

போடலாம், ஆனால் டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். தொடங்கிய பின்னும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் 4 வாரத்துக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். கருத்தரிக்க முயலும் முன் செமாக்ளூடைடை 2 மாதம் முன்பும், டிர்செபடைடைக் குறைந்தது ஒரு மாதம் முன்பும் நிறுத்திவிட வேண்டும்.

இளைத்த பிறகு நிறுத்திவிடலாமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்தது. அதனால் எவ்வளவு காலம் போடுவது, மாதாமாதம் அந்தச் செலவு கட்டுமா என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். எடையோடு தசையும் கரையும். நெத்திலி, மத்தி, முட்டை, சுண்டல் என்று தினமும் புரதம் வேண்டும். எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும்.

ஊருக்குப் போனதில் ஒரு வாரம் விட்டுப்போச்சு. சேர்த்து இரண்டாகப் போடலாமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

கூடாது. மவுன்ஜாரோ என்றால் போட வேண்டிய நாளிலிருந்து 4 நாளுக்குள், ஓசெம்பிக் என்றால் 5 நாளுக்குள் போடலாம். வீகோவிக்கு, அடுத்த ஊசிக்கு 2 நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். பல வாரம் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால், பழைய அளவில் நீங்களாகத் தொடங்காமல் டாக்டரைக் கேளுங்கள்.