ஊசி பிடிக்கும் பிள்ளைகள்: முதல் துணிப் பொம்மை பற்றிய கேள்வி பதில்

மகளுக்கு ஆறு வயது. முயல் பொம்மையைத் தானே தைக்கணும்னு ஒரே பிடிவாதம். ஊசியைக் கொடுக்கலாமா அக்கா?

நீங்கள் பக்கத்தில் உட்காருவதானால் தாராளமாகக் கொடுங்கள். முதலில் தடித்த அட்டையில் வரிசையாகத் துளை போட்டு, மழுங்கிய பெரிய ஊசியில் கம்பளி நூல் கோத்துக் கொடுங்கள். மேலே போய்க் கீழே வருவது கைக்குப் பழகியதும் கூர் ஊசிக்கு மாறிவிடலாம். காது பெரிதாக, முனை கூராக இருப்பதைப் பாருங்கள். மழுங்கிய ஊசி துணிக்குள் சுலபமாக இறங்காது. பிள்ளை முழு பலத்தோடு அழுத்தும், விரலில் குத்திக்கொள்வது அப்போதுதான். எடுத்த ஊசிகளை எழுந்திருக்கும் முன் எண்ணிவிடுங்கள்.

பழைய பருத்திச் சட்டையை வெட்டிக் கொடுத்தேன். ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிகிறது.

நெய்த துணி அப்படித்தான் பிரியும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டு, உள்பக்கமாகத் தைத்து, பிறகு புரட்டி எடுக்க வேண்டும். முதல் பொம்மைக்கு இது அதிகம். ஃபெல்ட் துணி வாங்குங்கள். அது நெய்யப்பட்டதல்ல, இழைகளை அழுத்திச் செய்தது, அதனால் வெட்டிய ஓரம் பிரியாது. வெளிப்பக்கமே தைக்கலாம், புரட்டும் வேலையும் மிச்சம். பொம்மை உள்ளங்கை அளவு போதும். பெரிதாக வெட்டினால் பாதியில் அலுத்துவிடும்.

ஊசி மேலும் கீழுமாக மாறி மாறிப் போகும் ஓட்டுத் தையல் சொல்லிக்கொடுத்தேன். பையன் ஒவ்வொரு முறையும் ஊசியை ஓரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முன்பக்கமே குத்துகிறான். திருத்தவே முடியவில்லை.

திருத்தாதீர்கள்! அவன் தைப்பதும் ஒரு முறையான தையல்தான். ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் அந்தத் தையலில் ஊசி எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து நுழைகிறது. துணியைத் திருப்பிப் பார்க்கவோ, அடுத்தது மேலா கீழா என்று யோசிக்கவோ தேவையில்லை. இரண்டு ஓரங்களையும் இறுக்கிப் பிடிப்பதால் பஞ்சும் வெளியே வராது. ஓட்டுத் தையலில் இடைவெளி கொஞ்சம் கூடினாலும் பஞ்சு எட்டிப்பார்க்கும். அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சுற்றுத் தையலைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன்.

ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே, 5 மி.மீ.க்கு ஒன்றாகப் பேனாவால் புள்ளி வையுங்கள். இரண்டு துண்டுகளையும் குண்டூசிக்குப் பதில் கிளிப்பால் பிடியுங்கள். பையன் புள்ளியில் குத்தினால் போதும். மற்ற சில்லறை வேலைகளையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்: கண், மூக்கு, வாய் எல்லாம் முகத் துண்டு தனியாக இருக்கும்போதே தைக்க வேண்டும். காதையும் வாலையும் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் செருகி ஓரத்தோடு சேர்த்துத் தைத்துவிடலாம். பஞ்சு அடைத்த பிறகு இதெல்லாம் பெரியவர்களுக்கே சிரமம்.

நூல் சிக்கிக்கொள்கிறது, இல்லையென்றால் ஊசியை விட்டுக் கழன்றுவிடுகிறது.

நூலைக் குழந்தையின் கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள். இரட்டையாகக் கோத்து இரண்டு நுனிகளையும் சேர்த்து முடிச்சிட்டால் கழலாது. விரல் நீளம் மிஞ்சும்போதே நிறுத்தச் சொல்லுங்கள், முடிச்சுப் போட இடம் வேண்டுமே.

பேத்தி தம்பிப் பாப்பாவுக்காகத் தைக்கிறாள். கண்ணுக்குப் பொத்தான் வைக்கலாமாம்மா?

வேண்டாம் அம்மா. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையிடம் போகும் பொம்மையில் பொத்தான், மணி எதுவும் கூடாது. பிய்ந்து வாய்க்குள் போனால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கறுப்பு நூலால் கண்ணைத் தைக்கச் சொல்லுங்கள்.

பஞ்சு அடைத்தால் கட்டி கட்டியாக நிற்கிறது.

உருண்டையாகத் திணிக்கிறீர்கள். பாலியஸ்டர் பஞ்சைப் பிய்த்து உதிர்த்து, சிட்டிகை சிட்டிகையாக உள்ளே விடுங்கள். காது, கால் முனைகள் முதலில், வயிறு கடைசியில். பென்சிலின் மழுங்கிய பக்கத்தால் தள்ளலாம். பஞ்சு அடைப்பதற்காக ஓரத்தில் தைக்காமல் விடும் இடம் இரண்டு விரல் நுழையும் அளவு இருக்கட்டும்.

தையல் கோணல்மாணலாக இருக்கிறது. அவள் தூங்கிய பிறகு பிரித்து நானே தைத்துவிடட்டுமா?

கூடவே கூடாது. காலையில் கண்டுபிடித்துவிடுவாள். பஞ்சு வெளியே தெரியும் இடம் இருந்தால் மட்டும், பழைய தையல்களின் இடைவெளியில் இன்னொரு சுற்று அவளையே தைக்கச் சொல்லுங்கள். கோணல் அப்படியே இருக்கட்டும்.

ஆன்ட்டி, எனக்கு ஒன்பது வயசு. நான் தைச்ச யானை நிக்கவே மாட்டேங்குது, சாஞ்சு சாஞ்சு விழுது.

யானையா, சபாஷ்! ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் என்பவர் 1880-இல் ஃபெல்ட் துணியில் ஒரு குட்டி யானை தைத்தார். குண்டூசி குத்திவைக்கத்தான் செய்தது, ஆனால் பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவர் பொம்மை நிறுவனமே நடத்தினார்.

உன் யானைக்கு இரண்டே துண்டுதானே? அதனால் தட்டையாக இருக்கு, கால்கள் ஒரே கோட்டில் நிக்குது. அடுத்த யானைக்கு மூணாவதா ஒரு வயிற்றுத் துண்டு வெட்டு. பக்கத் துண்டோட கீழ்ப்பாதியை, கால்களோட சேர்த்து, காகிதத்தில் வரை. முதுகுப் பக்கம் வேண்டாம். அந்தக் காகிதத்தை மடிச்ச துணியில், கால் இல்லாத மேல் ஓரம் மடிப்பு மேல படுற மாதிரி வைத்து, மடிப்பை வெட்டாமல் மற்ற ஓரங்களை வெட்டினால், விரிக்கும்போது நாலு கால் இருக்கும். அதை இரண்டு பக்கத் துண்டுக்கும் நடுவில் வைத்துத் தை. காலுக்குள்ள பஞ்சை நல்லா இறுக்கமா அடை.