சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்ப்பவர் எம்சி எடுத்தால் சம்பளத்தைப் பிடிக்கலாமா? வொர்க் பர்மிட்டை (வேலை அனுமதியை) கேன்சல் செய்ய முடியுமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. உங்கள் தம்பி சிங்கப்பூரில் ஒரு கட்டுமான கம்பெனியில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறார். காய்ச்சல் வந்து டாக்டர் இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், கொடுத்திருக்கிறார். கம்பெனி அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, "அடிக்கடி எம்சி எடுத்தா ஊருக்கு அனுப்பிடுவோம்" என்றும் சொல்லியிருக்கிறது.

சம்பளத்தைப் பிடித்தது சட்டப்படி தவறு. மிரட்டலில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் வொர்க் பர்மிட்டில் வந்த கட்டுமான ஊழியருக்கும் அப்படியே பொருந்தும். (வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு விதிகள் வேறு.) கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் முடிந்தால் ஆண்டுக்கு 5 நாள் சம்பளத்தோடு எம்சி, நான்கு மாதம் முடிந்தால் 8, ஐந்து முடிந்தால் 11, ஆறு மாதத்துக்கு மேல் 14 நாள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை வந்தால் இதே வரிசையில் 15, 30, 45, 60 நாள். இந்த 60 நாளுக்குள்தான் அந்த 14 நாளும் அடங்கும், இரண்டையும் கூட்டி 74 என்று கணக்குப் போடக் கூடாது. உங்கள் தம்பிக்கு ஏழு மாதம் ஆகிவிட்டதால் முழு 14 நாளும் உண்டு. நாள் சம்பளக்காரர் என்றாலும் உண்டு. "எம்சிக்குச் சம்பளம் கிடையாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி அவரே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் எந்த ஒப்பந்த வரிக்கும் அங்கே மதிப்பு இல்லை.

இந்தச் சம்பளம் கிடைக்க இரண்டு நிபந்தனைகள். முதலாவது, சிங்கப்பூரில் பதிவு பெற்ற டாக்டரோ பல் டாக்டரோ கொடுத்த எம்சியாக இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் எந்தப் பதிவு பெற்ற டாக்டர் கொடுத்தாலும் கம்பெனி ஏற்றே ஆக வேண்டும். "நம்ம கம்பெனி கிளினிக் எம்சிதான் செல்லும்" என்பது பழைய பேச்சு. லீவில் ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சல் வந்து இங்குள்ள டாக்டரிடம் வாங்கும் சான்றிதழுக்கு இந்த உரிமை இல்லை. அதை ஏற்பதும் மறுப்பதும் கம்பெனியின் விருப்பம். ஊரிலேயே படுத்துவிட்டால் டிக்கெட் தேதி வருவதற்கு முன்பே கம்பெனியிடம் பேசி எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டாவது நிபந்தனையில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வேலைக்கு வராத நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது சொல்ல முயன்றிருக்க வேண்டும். சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை என்றால் அழைத்ததற்கான பதிவு போனில் இருக்கும், அது போதும். வாயால் சொல்லிவிட்டு, அவர் பிறகு "என்கிட்ட யாரும் சொல்லல" என்றால்தான் கையில் ஒன்றும் இருக்காது.

விடியற்காலையில் டார்மிட்டரி (ஊழியர் தங்கும் விடுதி) வாசலுக்கு லாரி வந்து நிற்கும். அந்த நேரத்தில் கிளினிக் திறந்திருக்காது. "சைட்டுக்கு வா, அங்க பார்த்துக்கலாம்" என்பார்கள். சைட்டுக்குப் போனால் "மதியம் வரைக்கும் இரு" என்பார்கள். 38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோடு ஸ்கேஃபோல்டிங்கில் (சாரத்தில்) ஏறுவது உயிரோடு விளையாடுவது. லாரி வருவதற்கு முன்பே, எழுந்த உடனே வாட்ஸ்அப்பில் எழுதிவிடச் சொல்லுங்கள்: பெயர், உடம்புக்கு என்ன, இன்று வேலைக்கு வர முடியாது, இந்த கிளினிக் திறந்ததும் அங்கே போகிறேன். நான்கு வரி போதும். சூப்பர்வைசருக்கு மட்டும் அனுப்பாமல் ஆபீஸில் சம்பளம் போடுபவருக்கும் அனுப்ப வேண்டும். சம்பளக் கணக்கு அங்கேதான் நடக்கிறது.

டார்மிட்டரியில் இருப்பவர்களுக்கு 2022 ஏப்ரலில் ஆரம்ப சிகிச்சைத் திட்டம் ஒன்று வந்தது. அதற்கான கட்டணத்தைக் கட்டுவது கம்பெனி. அதன் மெடிக்கல் சென்டருக்குப் போனால் ஊழியர் 5 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்), வீடியோவில் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளியும் கொடுத்தால் போதும் என்றுதான் திட்டம் தொடங்கியது. செலவுக்குப் பயந்து நோயை மறைக்கத் தேவையில்லை. வொர்க் பர்மிட் ஊழியரின் மருத்துவச் செலவு கம்பெனியின் பொறுப்பு. அவர்கள் எடுத்து வைக்க வேண்டிய மருத்துவக் காப்பீடும் 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. வீடியோ எம்சியை சில கம்பெனிகள் சந்தேகமாகப் பார்க்கின்றன. ஒரு நிமிடம்கூடப் பேசாமல் எம்சி கொடுத்த விவகாரத்தில் 2024 டிசம்பரில் ஒரு கிளினிக்கின் உரிமத்தையே சுகாதார அமைச்சு ரத்து செய்தது. முடிந்தால் நேரில் போய்ப் பார்ப்பதே மேல்.

டாக்டர் கொடுக்கும் தாளை கிளினிக் வாசலிலேயே நின்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விதமான தாள் உண்டு. "வேலைக்குத் தகுதியில்லை" என்று எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று போட்டிருந்தால் அதுதான் எம்சி. "லைட் டூட்டி" என்றால் வேலைக்குப் போக வேண்டும், ஆனால் பாரம் தூக்கக் கூடாது, உயரம் ஏறக் கூடாது. மூன்றாவது "டைம் சிட்": இத்தனை மணிக்கு வந்தார், இத்தனை மணிக்குப் போனார் என்பது மட்டும்தான், லீவுக்கு உதவாது. பெயர், எஃப்ஐஎன் நம்பர் (வெளிநாட்டவர் அடையாள எண்), தேதிகள், டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அசலை ஆபீஸில் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். அசல் தாள் "காணாமல் போவது" அங்கே புதிதல்ல.

இப்போது பணம். ஒரு நாள் எம்சி சம்பளம் எவ்வளவு? மாத அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி, வாரம் ஆறு நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 800-ஐ 12-ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 6, அதாவது 312-ஆல் வகுக்க வேண்டும். 30.77 வெள்ளி வரும். இரண்டு நாளுக்கு 61.54. ஏறக்குறைய இந்தத் தொகைதான் உங்கள் தம்பிக்கு வர வேண்டியது, அவருடைய உண்மையான மாதச் சம்பளத்தைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள் (ஓவர்டைம், சாப்பாடு, பயணம், தங்குமிடம், ஷிப்ட் அலவன்ஸ் இதில் சேராது, மற்ற அலவன்ஸ் சேரும்). ஓய்வு நாளுக்கு எம்சி சம்பளம் கிடையாது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் எம்சி இருந்து ஞாயிறு ஓய்வு நாளாக இருந்தால், சம்பளமும் இரண்டு நாள்தான், 14-இல் கழிவதும் இரண்டு நாள்தான். எம்சி நாளை வருடாந்தர லீவில் கழிப்பதும் தவறு. பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டில்) இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வகைவகையாகப் பிரித்துப் போட்ட பேஸ்லிப் கொடுப்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம்.

ஆனால் எம்சி சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்கும் கம்பெனியிலும் ஆட்கள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். காரணம் ஓடி, அதாவது ஓவர்டைம். அதே 800 வெள்ளிக்காரருக்கு ஓவர்டைம் ஒரு மணிக்கு சுமார் 6.29 வெள்ளி. தினமும் மூன்று மணி ஓடி பார்ப்பவர் ஒரு நாளில் 49.65 வெள்ளி சம்பாதிக்கிறார். எம்சி நாளில் கிடைப்பது 30.77 மட்டும். கிட்டத்தட்ட 19 வெள்ளி போய்விடுகிறது. சில கம்பெனிகளில் ஒரு நாள்கூட விடாமல் வந்தால் தனி அலவன்ஸ் வேறு உண்டு, ஒரே எம்சியில் அந்த மாதத்து அலவன்ஸ் முழுதும் போகும். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனுக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த 19 வெள்ளி சின்னத் தொகையாகத் தெரியாது. பனடோல் மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு லாரி ஏறுகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் டெங்குவை அப்படி மறைத்து நான்காம் ஐந்தாம் நாளில் விழுந்தால், இழப்பது 19 வெள்ளியோடு நிற்காது. தம்பியிடம் இந்தக் கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள்.

முதலாளி பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டுமானத் துறையில் 2024 ஜனவரி முதல் ஒரு வெளிநாட்டு ஊழியருக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் மாதாந்தர லெவி, தகுதி உயர்ந்தவருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் தகுதிக்காரருக்கு 900 வெள்ளி. 900 என்றால் ஒரு நாளைக்கு 30 வெள்ளிக்குப் பக்கத்தில் வரும், ஆள் அறையில் படுத்திருந்தாலும் கட்டியாக வேண்டும். சூப்பர்வைசரின் கோபத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். அதற்காக லெவியை ஊழியர் சம்பளத்தில் பிடிக்க முடியாது, அது சட்ட விரோதம். இதோடு மனப்பான்மையும் சேர்ந்துகொள்கிறது. பொய்யாக நோய் சொல்லித் தப்பிப்பதை சிங்கப்பூர் ராணுவப் பேச்சில் "கெங்" என்பார்கள், அடிக்கடி எம்சி எடுப்பவருக்கு ஆபீஸ்களில் "எம்சி கிங்" என்று பட்டம். உண்மையாகவே உடம்பு சரியில்லாதவரும் இந்தப் பெயருக்குப் பயந்து வாய் திறப்பதில்லை.

காய்ச்சல் ஒரு பக்கம், வேலையில் அடிபட்டது வேறு பக்கம். இதைக் கலந்துவிடக் கூடாது. வேலையில் அடிபட்டால் அதற்குத் தனிச் சட்டம், வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம். முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்சி போனால்தான் கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. அதனால் டாக்டரிடம் பேசி இரண்டு நாள் எம்சி, மீதி லைட் டூட்டி என்று முடித்துவிடுவது வழக்கமாக இருந்தது. 2020 செப்டம்பர் 1 முதல் ஒரு நாள் எம்சி ஆனாலும், ஒரு நாள் லைட் டூட்டி ஆனாலும் தெரிவித்தே ஆக வேண்டும். இழப்பீட்டுச் சம்பளம் லைட் டூட்டி நாளுக்கும் உண்டு. இந்தச் சட்டத்தில் சம்பளக் கணக்குக்கு ஓடியும் சேரும் என்பதால் தொகை கூடுதலாக வரும். வெளிநோயாளி எம்சிக்கு 14 நாள் வரை, ஆஸ்பத்திரி லீவுக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் விபத்து நடந்து ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு.

இங்கே நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதன் விலை பெரியது. கூட வரும் கம்பெனி ஆள், "ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, செலவை நாங்க பார்த்துக்கறோம்" என்பார். டாக்டர் அதையே எழுதிக்கொள்வார். ஆறு மாதம் கழித்து இடுப்பு நிமிராமல் கிளெய்ம் போடும்போது அந்த ஒரு வரிதான் எதிரே வந்து நிற்கும். டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்க ஊழியருக்கு உரிமை உண்டு. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதைத் தூக்கும்போது அடிபட்டது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பார்த்த ஆட்களின் பெயரை அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பர்மிட் விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி நினைத்தால் நோட்டீஸ் கொடுத்து பர்மிட்டை கேன்சல் செய்ய முடியும், இதை மறைத்துப் பேசி உங்களுக்குப் பொய்யான தைரியம் தரமாட்டேன். ஆனால் சட்டப்படி உள்ள ஒன்றைக் கேட்டதற்காகவோ, அதைக் கொடுக்காமல் தப்பிப்பதற்காகவோ வேலையை விட்டு நீக்கினால் அது முறையற்ற பணிநீக்கம். அதற்கான புகாரைக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பில் கொடுக்க வேண்டும். சம்பளப் பாக்கிக்கான புகார் என்றால் வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்ட பிறகு ஆறு மாதத்துக்குள். சமரசப் பேச்சு நடக்கும், அதில் முடியாவிட்டால் வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும். விமானம் ஏறிவிட்டால் இதெல்லாம் மிகவும் கடினம். டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போனாலும், சம்பளமோ காயமோ பாக்கி இருக்கிறது என்று குடிநுழைவு அதிகாரியிடம் சொல்லலாம்.

61 வெள்ளிக்காக உடனே புகார் கொடுக்கச் சொல்லமாட்டேன். முதலில் பேஸ்லிப், எம்சி போட்டோ, வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் சேர்த்து ஆபீஸுக்கு மரியாதையாக ஒரு செய்தி: இந்த இரண்டு நாள் எம்சி, ஆறு மாதம் முடிந்துவிட்டது, அடுத்த சம்பளத்தில் சேர்த்துக் கொடுங்கள். பெரும்பாலும் சம்பளம் போடுபவருக்குச் சட்டம் தெரியும். சூப்பர்வைசரின் வாய்ப்பேச்சு அவர் மேசையில் எடுபடாது. அடுத்த மாதமும் வரவில்லை என்றால் மைக்ரண்ட் வொர்க்கர்ஸ் சென்டருக்கு அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பும் இப்படிப்பட்ட வழக்குகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறது.

எந்த நாளில் எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி ஓடி, எந்த நாள் எம்சி என்று தம்பி ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதட்டும். மாதக் கடைசியில் பேஸ்லிப்போடு ஒப்பிட்டுவிட்டு அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும். போன் தொலைந்தாலும் ஊரில் உங்களிடம் ஒரு பிரதி இருக்கும்.