பச்சை விளக்கு நீலமானது எப்படி?

கேள்வி: கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து என் மகள் அந்த மொழியையே படிக்க ஆரம்பித்துவிட்டாள். சிக்னலில் பச்சை விழுந்தால் அங்கே 'பாரன் புல்', அதாவது நீல விளக்கு என்பார்களாம். பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதா அவர்களுக்கு?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நன்றாகவே தெரியும் ஆச்சி. வானத்தையும் காடு மண்டிய மலையையும் 'புரூதா' என்ற ஒரே சொல்லால் சொல்லி வந்தவர்கள், அந்தப் பழக்கம் சிக்னலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொரிய மொழியின் சொந்த அடிப்படை நிறச்சொற்கள் ஐந்துதான்: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், அப்புறம் இந்தப் பச்சைநீலம். இன்று பச்சைக்கு மட்டும் சொல்லும் 'சொரோக்' சீனத்திலிருந்து வந்தது.

புரூதா என்பது புல்லிலிருந்து பிறந்தது என்பார்கள். புல்லுக்குக் கொரிய மொழியிலும் 'புல்'தான்! உடனே தமிழும் கொரியமும் ஒரே குடும்பம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், ஒலி ஒத்துப்போவது வேறு, மொழி உறவு வேறு. தீயும் ஏறக்குறைய 'புல்'தான், மூச்சை அழுத்தி விடாமல் சொல்ல வேண்டும், அதையொட்டித்தான் சிவப்புக்கு 'புக்தா'. சூரியன் 'ஹே', வெள்ளை 'ஹிதா'.

நம் ஊரில் கண்டாங்கி எடுக்கப் போனால் கடைக்காரர் சேலையை விரித்துப் போட்டு "உடம்பு அரக்கு, கரை கறுப்பு" என்கிறார். அரக்கு என்றதும் மரக்கிளையில் பூச்சி வைக்கும் பிசின் யாருக்காவது நினைவுக்கு வருகிறதா? பொருள் மறந்து நிறம் மட்டும் நின்றுவிட்டது. எனக்கு நிறச்சொற்களில் மிகவும் பிடித்ததே இதுதான். கொரியரின் ஊதா, 'போரா', இன்னும் சுவையானது: மங்கோலியர் ஆதிக்கக் காலத்தில் வேட்டைப் பருந்தோடு வந்த சொல்.

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் கொரியருக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தேன். உறையில் சிவப்பு மையில் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. என்ன தப்பு?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: உயிரோடு இருப்பவர் பெயரை அங்கே சிவப்பில் எழுத மாட்டார்கள் தம்பி, அது இறந்தவர்களுக்கு உரியது என்ற எண்ணம். வேறு உறையில் கறுப்பு மையில் எழுதிக் கொடுங்கள், புரிந்துகொள்வார். அதற்காகச் சிவப்பே ஆகாது என்றில்லை. டிசம்பர் 21, 22 வாக்கில், ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளில், சிவப்புப் பயற்றங்கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள். கெட்டது அண்டக்கூடாது என்று அதை வாசலிலும் சுவரிலும் தெளிப்பது பழைய வழக்கம். நிலைவாசலில் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தி நாம் சுற்றும் ஆரத்தித் தண்ணீரும் சிவப்புதானே! அவர்கள் கல்யாணத்தில் பெண்ணின் அம்மா இளஞ்சிவப்பு உடுத்துவார், மாப்பிள்ளையின் அம்மா நீலம்.

கேள்வி: 'பச்சைப் பொய்' கொரிய மொழியில் உண்டா?
- ஒரு வாசகர், புதுவயல்

பதில்: உண்டு, நிறம்தான் வேறு. 'சேப்பல்கான் கோஜின்மல்' என்பார்கள், செக்கச்சிவந்த பொய்.